அல்பேட்டின் ஐந்து பொட்டுகள்

யாரும் கேட்க முன்பே அல்பேட் சட்டையைத் தூக்கிவிடுவார். இடது வயிற்றில் ஐந்து தழும்புகள். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. "எண்ணிப் பாருங்க. மெசின் போட்டது."

வயது அறுபத்தொன்று. எங்கள் கடற்கரை வாடியில் கரைவலை இழுப்பவர்களுள் முன்னால் நிற்பவர் அவர்தான். மற்றவர்கள் பாடி இழுக்க, இவர் மூக்கால் முனகுவார். அந்த முனகலுக்கே எல்லாரும் கால் வைப்பார்கள். பால் விடாத வெறுந்தேத்தண்ணியைக் குடித்தபடி சீனியை உள்ளங்கையில் வைத்து நக்குவார்.

2017 நவம்பரில் இத்தாலியிலுள்ள மகள் மெரினாவிடம் போனார். வயிற்று நோவுக்கு ஸ்கேன் எடுத்தபோது இடது சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி தெரிந்தது. ஜனவரியில், சிறுநீரகத்தைக் காப்பாற்றி, கட்டியை மட்டும் ரோபோக் கைகளால் வெட்டி எடுத்தார்கள். பெப்ரவரி 9 அன்று ஊர் திரும்பினார்.

"டொக்டர் என்னைத் தொடவேயில்ல. மூலையில குந்தி, ஒரு பெட்டிக்குள்ள கண்ணை விட்டபடி விரலை ஆட்டினாராம். இங்க மெசின்ட கை எனக்குள்ள ஆடிச்சாம்."

"அப்ப வீட்டில இருந்தே வெட்டலாமே!" என்றார் பக்கத்தில் கயிறு பிடிக்கும் பேதுரு.

"ஓம், உன்ட வாயைத்தான் முதல்ல வெட்டுவாங்க."

இரண்டு மாதம் பாரம் இழுக்கக் கூடாது என்பது டொக்டரின் கட்டளை. எங்கள் கரையில் கயிற்றில் கை வைத்தவருக்கே மீனில் பங்கு. வராதவரின் இடம் அடுத்தவருக்குப் போகும். நோயாளிக்கு விலக்கு உண்டு. ஆனால் ஐந்து பொட்டுகளைப் பார்த்து நோயாளி என்று யார் நம்புவது? சிறுநீரகக் கல்லெடுத்த தன் பழைய தழும்பை, முதுகிலிருந்து தொப்புள் வரை, பேதுரு திறந்து காட்டினார். "இதுதான்டா ஒப்பரேசன். உன்னது நுளம்புக்கடி."

எல்லாரும் சிரித்தார்கள். அல்பேட்டும் சிரித்தார். அன்றிலிருந்துதான் கேட்க முன்பே சட்டையைத் தூக்கத் தொடங்கினார்.

பெப்ரவரி 20 காலை, வலை கரையை நெருங்கும்போது, அல்பேட் தன் பழைய இடத்தில் போய் நின்று இழுவைப் பட்டியை இடுப்பில் கட்டினார். பட்டி தழும்புகளின் மேலேயே விழுந்தது. முதல் இழுப்பிலேயே முனகல் வேறு மாதிரி வந்தது.

பேதுரு கயிற்றை விட்டுத் திரும்பினார். "டேய் விசரா! அவசரப்பட்டுக் கயிறு பிடிச்சு எனக்குத் தையல் பிரிஞ்சப்ப, நீதானே தூக்கிக்கொண்டு ஓடினாய்? இந்தத் தழும்பில பாதி அதால வந்ததுடா."

அல்பேட்டின் பட்டியைப் பேதுருவே அவிழ்த்தார். இழுத்து முடிந்து பின்னால் மணலில் கிடந்த கயிற்றின் நுனியை எடுத்து அல்பேட்டின் கையில் திணித்தார். "குந்தியிருந்து சுத்து. இதுவும் கை வைச்சதுதான்."

அல்பேட் சட்டையைக் கீழே இழுத்துவிட்டு மணலில் குந்தினார். ஈரக் கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றச் சுற்ற, மூக்கால் முனகத் தொடங்கினார்.