ரெண்டாவது கியரும் புஷ்பாவோட படங்கும்

வீட்டு வாசல்ல சாக்கு விரிச்சு மோட்டார் சைக்கிள் எஞ்சின் பிரிக்கிற கூட்டாளிங்களே, பிரிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரியும் பூட்டும்போது ஒண்ணுமே தெரியாத மாதிரியும் இருக்கிற தொழில் நம்ம தொழில் ஒண்ணுதான்.

நான் கொழும்புல ஒரு கராஜ்ல இருந்தவன். சக்கரம் கழட்டுறது, எண்ணெய் மாத்துறது, ப்ரேக் பார்க்கிறது, இதுதான் அங்க என் வேலை. எஞ்சினைப் பெரிய பாஸ், அதான் தலைமை மெக்கானிக், மட்டும்தான் தொடுவாரு. ராகலைக்கு மேல எங்க தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்ததும் லயத்து வரிசை வீடுகள்ல எல்லாரும் என்னை "யோகா பாஸ்"னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. பாஸ்னு கூப்பிட்ட பிறகு எஞ்சின் தெரியாதுன்னு எந்த வாயால சொல்றது? நம்ம வீட்டு முன்பக்கம் இருக்கிற சின்ன இஸ்தோப்புதான் கராஜ் ஆச்சு. என் சம்சாரம் புஷ்பா கொழுந்து எடுக்கிறவ. முதல் பைக் வாசலுக்கு வந்த அன்னைக்கே அவ சொன்னா: "பாஸ்னு கூப்பிட்டா பாஸ் ஆயிருவீங்களா? தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிப் பழகுங்க."

உருட்டிக்கிட்டு வர்ற பழக்கம்

சிவகுமார் பக்கத்து லயத்துக்காரர். மாடு வச்சிருக்கிற வீடுகள்ல காலையில பால் வாங்கி, கேன்ல ஊத்தி, பைக்ல கட்டி, மேல் ரோட்டுல பால் சேர்க்கிற இடத்துக்குக் கொண்டு போவாரு. அந்த பைக் விடுற புகையைப் பார்த்தா கொசு மருந்து அடிக்க வந்தாங்களோன்னு நினைப்பீங்க. அது போதாதுன்னு கோயில் ஏத்தத்துல ரெண்டாவது கியர் தானா கழண்டுரும். எஞ்சின் கத்தும், பைக் பின்னாடி வழுக்கும், மனுசன் இறங்கித் தள்ளுவாரு. பால் பிந்திப் போய்ப் போய், ஒரு நாள் கெட்டுப்போச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இந்த மாசம் முடியிறதுக்குள்ள வண்டி ஒழுங்கா வரலன்னா, திரீவீலர் வச்சிருக்கிற வேற ஆளைப் போட்டுருவோம்னு அங்க இருக்கிற பொறுப்பாளர் சொல்லிட்டாரு. சிவகுமாருக்கு வேற வேலை கிடையாது. தோட்ட வேலை வேணாம்னு பேர் வெட்டிக்கிட்டு வந்துதான் பால் யாவாரத்துல இறங்கியிருந்தாரு.

கியர் ஏன் தேஞ்சுதுன்னு எனக்குத் தெரியும். அது ஒண்ணாவது தெரிஞ்சுதே. நம்ம பக்கத்து ஆளுங்க இறக்கத்தைக் கண்டா எஞ்சினை அணைச்சுட்டு சும்மா உருட்டிக்கிட்டு வருவாங்க. பெட்ரோலுக்கு வரிசையில நின்ன காலத்துக்கு அப்புறம் இந்த வியாதி முத்திப்போச்சு. அடிக்கு வந்ததும் ஓடுற ஓட்டத்துலயே ரெண்டாவது கியரை ஒரு மிதி மிதிச்சு ஸ்டார்ட் பண்ணுவாங்க. கியரும் கியரும் கவ்வுற பல்லு அந்த மிதியில மழுங்கிரும். இதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். சிவகுமார் பொறுமையா கேட்டுட்டுச் சொன்னாரு: "அப்ப இறக்கமே இல்லாத ஊர்ல போய்த்தான் பால் ஊத்தணுமா பாஸ்?"

வரிசை

எஞ்சினை ரெண்டாப் பிளந்தாத்தான் கியர் பொட்டி தெரியும். கழட்டுற ஒவ்வொரு சாமானையும் கழட்டின வரிசையிலேயே அடுக்கி வைக்கணும். இது பெரிய பாஸ் சொல்லி நான் உருப்படியா ஞாபகம் வச்சிருந்த ஒரே பாடம். அடுக்க ஒரு துணி வேணுமே. கொடியில புஷ்பாவோட படங்கு காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. தேயிலைச் செடி கீறாம இருக்க கொழுந்துக்காரங்க இடுப்பைச் சுத்திக் கட்டுவாங்களே, அந்தச் சாக்குத்தான். நல்ல கனம், நல்ல அகலம். விரிச்சேன். கியர், வாஷர், கியர், வாஷர்னு கோயில்ல தீபம் வச்ச மாதிரி வரிசையா வச்சு, அப்படியே விட்டுட்டுப் படுத்தேன்.

காலையில எந்திரிச்சுப் பார்த்தா படங்கைக் காணோம். புஷ்பா காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு நேரமாச்சுன்னு சாமானையெல்லாம் ஒரு சட்டியில கொட்டி, மேல தட்டு போட்டு மூடி, படங்கை உதறிக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. அன்னைக்குப் பூரா அந்தச் சட்டியையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். எது முன்னாடி, எது பின்னாடி? ஒரு வாஷர் இன்னொரு வாஷருக்கு அண்ணனா தம்பியா? சாயங்காலம் அவ வந்ததும் சத்தம் போட்டேன். அவ மூஞ்சி கழுவிக்கிட்டே சொன்னா: "பூனை தட்டிவிடாம மூடி வேற வச்சேன். என் படங்கைக் கிரீஸ் ஆக்கி வச்சீங்களே, அதுக்கு நான் ஒரு வார்த்தை பேசினேனா?"

ஒண்ணுமே மிஞ்சல

போன்ல ஒரு வீடியோ பிடிச்சேன். பேசுறவன் ஹிந்தி. பைக்கும் இதே பைக் இல்ல, இதுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒண்ணு. நமக்கு எந்த இடத்துல சந்தேகமோ சரியா அந்த இடத்துல அவன் கை வந்து மறைச்சுக்கும். நிறுத்தி, திருப்பி, நிறுத்தி, திருப்பிப் பார்த்து, புது கியர் போட்டு, புகை நிக்கப் புது பிஸ்டன் ரிங் போட்டு எல்லாத்தையும் பூட்டினேன். முடிச்சுட்டு சட்டியைப் பார்த்தா, வெறும் சட்டி. கூட்டாளிங்களே, நம்ம தொழில்ல பூட்டி முடிஞ்சு ஒரு சாமான் கூட மிஞ்சலன்னா அது எப்படிப்பட்ட சந்தோஷம்னு உங்களுக்குச் சொல்லணுமா? சிவகுமாரைக் கூப்பிட்டு சட்டியைக் கவுத்துக் காட்டினேன். "பாருங்க, எல்லாம் உள்ள"ன்னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன்.

ஒரே மிதியில ஸ்டார்ட் ஆச்சு. புகை துளி இல்ல. சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி, சூடம் காட்டி அனுப்பி வச்சோம். கோயில் ஏத்தத்துல பாதி போனதும் ரெண்டாவது கியர் பழையபடி கழண்டுருச்சு. எனக்கு ஒண்ணுமே விளங்கல. பல்லு புதுசு, கியர் புதுசு, சாமான் எல்லாம் உள்ள. பின்ன என்ன? சிவகுமார் வண்டியைத் தள்ளிக்கிட்டே என்னை ஆறுதல் படுத்தினாரு: "பரவாயில்ல பாஸ், புகை நின்னுருச்சு. இப்ப தள்ளும்போது மூச்சு விட முடியுது."

நுவரெலியாக் கடை

கியரை இப்படியும் அப்படியும் தள்ளுறதுக்குக் கவட்டை மாதிரி ஒரு சாமான் உள்ள இருக்கும். போர்க்குன்னு சொல்வோம். அது வளைஞ்சிருக்கணும்னு முடிவு பண்ணி, திரும்பவும் எஞ்சினைப் பிளந்து, அதைப் பொட்டலம் கட்டிக்கிட்டு நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன். பார்ட்ஸ் கடை முதலாளி சிங்களவர், தமிழும் கலந்து பேசுவாரு. புதுசையும் பழசையும் பக்கத்துல வச்சாரு. எனக்கு வித்தியாசம் தெரியல. கண்ணாடி போட்டுக்கிட்டு அவர் பார்த்தாரு. அவருக்கும் தெரியல.

அப்பவே திரும்பி வந்திருக்கலாம். ஆனா பஸ்ல வந்தவன் வெறுங்கையோட போறதா? ஒண்ணு குடுங்கன்னேன். வந்து மாட்டினேன். கோயில் ஏத்தம், பாதித் தூரம், கியர் கழண்டுச்சு. மாசக் கடைசி கிட்ட வந்துக்கிட்டு இருந்துச்சு. சிவகுமார் இப்ப என்கிட்ட ஒண்ணும் கேக்கிறதில்ல, விடியிறதுக்குள்ள எந்திரிச்சு பைக்கைத் தள்ளிக்கிட்டே போறாரு. கடைக்காரர் அன்னைக்கு மீதியைக் கையில கொடுத்துக்கிட்டே சொன்னது காதுல ஒலிச்சுக்கிட்டே இருந்துச்சு: "மல்லி, தம்பி, இது தேயவே இல்லையே. நீ எதுக்கு இதை மாத்துறது?"

இரும்பு

நான் இந்தக் குழப்பத்துல கிடக்கும்போது புஷ்பா ஒரு ஞாயித்துக்கிழமை படங்கை சுடுதண்ணியில ஊறப்போட்டு, சவுக்காரம் போட்டு, கிரீஸ் போகத் தேச்சுக் காயப்போட்டா. அடுத்த நாள் நிறுவைக்கு முன்னாடி படங்கை விரிச்சு, கூடைக் கொழுந்தை அதுல கொட்டி, முத்தல் இலை பொறுக்கிட்டு, தராசுக்குக் கொண்டு போயிருக்கா. நிறுத்து எழுதுற கணக்கப்பிள்ளை ஐயா கொழுந்துக்குள்ள கையை விட்டுப் பார்த்திருக்காரு. கையோட வந்தது ஒரு இரும்பு வளையம். எடை கூட்ட இரும்பு போடுறியா, இது மெசினுக்குள்ள போனா என்ன ஆகும்னு தெரியுமான்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு. நாளைக்கு இதைத் தோட்டத்து மேனேஜர் பெரிய துரைகிட்ட கொண்டு போறேன்னும் சொல்லிட்டாரு.

புஷ்பா வீட்டுக்கு வந்து அடுப்பைக் கூடப் பத்த வைக்கல. எனக்கு கோபம் தலைக்கு ஏறிருச்சு. யாரோ பொறாமையில போட்டிருக்காங்கன்னேன். பக்கத்து நிரைக்காரி மேல சந்தேகப்பட்டேன். கணக்கப்பிள்ளை மேலயே சந்தேகப்பட்டேன். உலகத்துல இருக்கிற எல்லார் மேலயும் சந்தேகப்பட்டேன், ஒருத்தனைத் தவிர. புஷ்பா சுவத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னா: "ஒரு முத்தல் இலை கூட என் கொழுந்துல யாரும் காட்டினதில்லைங்க. என்னைப் போய்க் களவாணின்னுட்டாங்க."

நியாயம் கேக்கப் போனது

மறுநாள் நிறுவை நேரத்துக்கு நானே போனேன். சட்டையை மாத்திக்கிட்டு, பேச வேண்டியதை வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கிட்டே போனேன். பொம்பளைங்க கூடையோட வரிசையில நிக்கிறாங்க. மேல் ரோட்டுல இருந்து காலி கேனோட திரும்பி வந்த சிவகுமாரும் சத்தம் கேட்டு நின்னுட்டாரு. "எங்க வீட்டு ஆளு மேல பழி போடுறதுக்கு முன்னாடி அந்த இரும்பைக் காட்டுங்க ஐயா"ன்னு குரலை உசத்தினேன். கணக்கப்பிள்ளை சட்டைப் பையில இருந்து எடுத்து என் உள்ளங்கையில வச்சாரு.

மெல்லிசு. ஒரு பக்கம் பளபளப்பு. ஓரத்துல இன்னும் கொஞ்சம் கறுப்புக் கிரீஸ். கூட்டாளிங்களே, அது கியருக்குப் பக்கத்துல உக்கார வேண்டிய வாஷர். படங்கு மடிப்புல கிரீஸோட ஒட்டிக்கிட்டு இத்தனை நாளா அவ இடுப்புல மலை ஏறி இறங்கியிருக்கு. ஞாயித்துக்கிழமை சுடுதண்ணியில கிரீஸ் இளகி, கொழுந்தைக் கொட்டினப்போ அதுக்குள்ள விழுந்திருக்கு. அது இல்லாமத்தான் கியர் பக்கவாட்டுல ஆடி ஆடிக் கழண்டுக்கிட்டு இருந்திருக்கு. சட்டியில எப்படி மிஞ்சும்? சட்டிக்கே அது வரலையே.

பேசாம பையில போட்டுக்கிட்டு வந்திருந்தா என் பாஸ் பட்டம் பிழைச்சிருக்கும். புஷ்பா என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னா. "ஐயா, இது எடைக்குப் போட்ட இரும்பு இல்ல. இது என்னுது. சிவகுமாரு பைக் எஞ்சினுக்குள்ள போட வேண்டியதை நான் அவ படங்குல விட்டுட்டேன்"னு சொன்னேன். சிவகுமார் கேனைக் கீழ வச்சாரு. வரிசையில ஒரு சிரிப்பு கிளம்பி கடைசி வரைக்கும் போச்சு. புஷ்பாவும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு சிரிச்சா. கணக்கப்பிள்ளை மட்டும் சிரிக்கல. அவர் என்னையே உத்துப் பார்த்துட்டு மெதுவா கேட்டாரு: "ஏம்ப்பா, போன மாசம் என் பைக்கையும் நீதானே பிரிச்ச? அதுல என்னத்தை விட்டு வச்சிருக்க?"

கோயில் ஏத்தம்

துரை வரைக்கும் போகாம விசயம் அங்கேயே முடிஞ்சுது. நான் மூணாவது தடவையா எஞ்சினைப் பிளந்து வாஷரை அதோட இடத்துல வச்சேன். இந்தத் தடவை சாமானை அடுக்க புஷ்பாவே நான் இடுப்புல கட்டுற பழைய சாரத்தை விரிச்சுக் கொடுத்தா. மாசம் முடிய இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. காலையில சிவகுமார் நிறைஞ்ச கேனோட கிளம்பினாரு. நான் இஸ்தோப்புல நின்னு, பனிமூட்டத்துக்குள்ள கோயில் ஏத்தத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன். மூட்டம் கொஞ்சம் விலகிச்சு. அங்க மனுசன் பைக்கை விட்டு இறங்கித் தள்ளிக்கிட்டு இருக்காரு.

எனக்கு அழுகையே வந்துருச்சு. செருப்பு கூடப் போடாம குறுக்குப் பாதையில ஓடினேன். "திரும்பவும் கழண்டுருச்சாங்க?"ன்னு மூச்சு வாங்கக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தாரு, பைக்கைப் பார்த்தாரு. எஞ்சின் அழகா ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, நியூட்ரல்ல. வெக்கப்பட்டுக்கிட்டே ஏறி உக்காந்து கியரைப் போட்டாரு. முதலாவது, அப்புறம் ரெண்டாவது. கேன் ரெண்டும் ஆடாம அசையாம ஏத்தத்தோட உச்சி வரைக்கும் ஏறிப் போயிருச்சு. இன்னைக்கும் பால் அவர்தான் கொண்டு போறாரு. அன்னைக்கு ஏறுறதுக்கு முன்னாடி அவர் சொல்லிட்டுப் போனது இதுதான்: "கழண்டது கியர் இல்ல பாஸ், இந்த இடம் வந்தா என் கால் தானா இறங்கிருது."

ஆக, கூட்டாளிங்களே, நான் கண்டுக்கிட்டது என்னன்னா, எஞ்சின் வேலையில சாமான் மிஞ்சினா ஒரு பயம், மிஞ்சலன்னா அதை விடப் பயம், ரெண்டும் இல்லாம வண்டி ஒழுங்கா ஓடுச்சுன்னா கணக்கப்பிள்ளை ஐயா பைக் ஞாபகத்துக்கு வந்து இன்னொரு பயம்.