உலோகத்தைக் கவ்வும் உப்பு

தெல்மா ஆஸ்க்யூவின் கையில் ஒரு குடுவை அகப்பட்டால் அதைக் கழுவாமல் கீழே வைக்க மாட்டாள். கேம்பிரிட்ஜின் அந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்தே அப்படித்தான். காலையில் சைக்கிளை நிறுத்தியதும் தவளைத் தொட்டிக்குப் போய் ஈரல் துண்டுகளைப் போடுவாள். பிறகு அதே தவளைகளில் சிலவற்றை அறுத்து, சினைப்பையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுப்பாள். டி.என்.ஏ.வின் நீண்ட இழையில் ஓர் இடத்தை மட்டும் தேடிப்போய்ப் பற்றிக்கொள்ளும் புரதம் அது.

ஆனால் தெல்மாவிடம் அது எதையும் பற்றவில்லை. புரதம் பற்றிய டி.என்.ஏ. கனத்துப்போய்க் கூழ்ப்பலகையில் மெதுவாக இறங்கும்; அதைப் படமெடுத்தால் படத்தாளில் கறுப்புக் கோடு மேலே நிற்கும். இரண்டு வருடமாக அது கீழேயே கிடந்தது. அழுக்குதான் காரணம் என்று நினைத்தாள். அங்கே எல்லோருக்கும் முதல் அழுக்கு உலோகம். அது துளி இருந்தாலும் டி.என்.ஏ.வைத் தின்னும் நொதிகள் கிளம்பிவிடும். அதனால் உலோகத்தைக் கவ்விக்கொள்ளும் ஈடிடிஏ என்ற உப்பை எல்லாக் கரைசலிலும் யோசிக்காமலே ஊற்றுவார்கள். தெல்மா இரண்டு பங்கு ஊற்றினாள்.

"இன்னும் கொஞ்சம் கழுவேன் தெல்மா, புரதமே கரைஞ்சு போகட்டும்" என்றான் அடுத்த மேசை மால்கம்.

"வாயை மூடிட்டு உன் டீயைக் குடி."

கூடத்தின் தலைவர் ருபர்ட் சுற்றி வளைக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக் கூட்டத்துல ஏதாவது காட்டு. இல்லேன்னா இதை மால்கம் பார்க்கட்டும். உன்மேல தப்புன்னு சொல்லலை." தப்பில்லை என்றதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

திங்களன்று பொது விடுமுறை. ஆளில்லாத கூடத்துக்கு வந்து பார்த்தால் உப்பு ஜாடி காலி, பண்டக அறை பூட்டிக் கிடந்தது. எரிச்சலோடு உப்பில்லாமலே வேலையை முடித்தாள். மறுநாள் படத்தாளில் கோடு மேலே ஜம்மென்று நின்றது!

பண்டக அறை திறந்ததும் உப்பு வாங்கி, எல்லாவற்றையும் முறையாக மறுபடி செய்தாள். கோடு கீழே விழுந்தது. அரைகுறையாகச் செய்தால் தேறுகிறது, ஒழுங்காகச் செய்தால் கெடுகிறது. இது என்ன கூத்து? திங்களன்று மிஞ்சிய புரதத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் உப்பை ஊற்றினாள். அது மட்டும் செத்தது.

மால்கம் இந்தமுறை கிண்டல் செய்யவில்லை. "உப்பு உலோகத்தைத்தானே கவ்வும்?"

"சுத்தமான புரதத்துல ஏதுடா உலோகம்?"

"அதுக்குள்ளயே இருந்தா?"

தெல்மாவுக்குத் துத்தநாகம் நினைவுக்கு வந்தது; பல புரதங்களுக்குள் இருக்கும் உலோகம் அது. உப்பு ஊற்றிய இன்னொரு குழாயில் துத்தநாகத்தைத் தாராளமாகச் சேர்த்தாள். கோடு மேலே ஏறியது.

துத்தநாகம்தான் அந்தப் புரதத்தைச் சின்னச் சின்ன விரல்களாக மடித்து நிறுத்துகிறது, அந்த விரல்கள்தான் டி.என்.ஏ.வின் பள்ளத்தில் நுழைந்து தடவித் தங்கள் இடத்தைக் கண்டுகொள்கின்றன என்பதெல்லாம் பின்னால் தெளிவானது. துத்தநாகத்தைப் பிடுங்கிவிட்டால் விரல் இல்லை, துவண்ட நூல்தான். இரண்டு வருடமாகப் பிடுங்கியது அவள் கைதான்.

வெள்ளிக்கிழமை ருபர்ட், "புரதம் உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். எல்லோரும் அவளை மதுக்கடைக்குக் கூப்பிட்டார்கள். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் தெல்மா தவளைத் தொட்டிக்குப் போனாள். வீணாய் அறுத்தவை எத்தனை என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டாள்.

"சுத்தமா இருக்கட்டும்னுதான் ஊத்தினேன்" என்றாள், தொட்டிக்குள் குனிந்து.

அவள் நிழல் பட்டதும் தவளைகள் ஈரலுக்காக மேலே வந்தன.