அக்கா தொட்டுக் காட்டிய கறி

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. திருப்பலி முடிந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அவர் கையால் கறிச்சோறு உண்டவர்கள். அதனால் கறியைப் பற்றியே எழுதுகிறேன். பாதர் கோபிக்க மாட்டார், அவரும் உண்டவர்தான்.

அக்கா பிறந்தது வள்ளியூர்ப் பக்கம். மணமாகித் தாராவிக்கு வந்தார். மச்சான் சீக்கிரமே இறந்துவிட, தோல் பட்டறைக்காரர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டே மகளை வளர்த்தார். வந்த புதிதில் அவருக்கு இந்தி தெரியாது, கறிக்கடை பாய்க்குத் தமிழ் தெரியாது. அக்கா தன் உடம்பைத் தொட்டுக் காட்டித்தான் கறி கேட்பார். கெண்டைக்காலைப் பிடித்தால் கால்கறி. அது நெடுநேரம் வெந்து குழம்பைப் பசைபோல் ஆக்கும். நெஞ்சைத் தொட்டால் கொழுப்போடு நெஞ்சுக்கறி. தொடையைத் தட்டினால் கொழுப்பில்லாத கறி. மெல்லிசாக அரிந்து வறுக்கத்தான் ஆகும், குழம்பில் போட்டால் சக்கை. இந்தி சரளமான பிறகும், மாட்டுக்கறிக்குத் தடை வந்து கடையில் எருமைக்கறி மட்டும் என்றான பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை.

"உன் ஒடம்புல காட்டாதக்கா, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு" என்பேன்.

"செத்த பொறவு காட்டவா முடியும்?" என்று சிரிப்பார்.

கடைசியில் பக்கவாதம் வந்து பேச்சு போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலை மடக்கி, நல்ல கையால் கெண்டைக்காலைப் பிடிப்பார். பிறகு நெஞ்சைத் தொடுவார். நர்ஸ் பதறிப்போய், "தர்த் ஹை க்யா?" என்று வலிக்கு மருந்து தடவினார். எனக்கு மட்டும் புரிந்தது. அக்கா தான் இறந்த முப்பதாம் நாள் சாப்பாட்டுக்குக் கறி சொல்லிக்கொண்டிருந்தார்! யார் தட்டிலும் கறி ஒதுங்கிக் கிடந்தால் அவருக்குத் தாங்காது. அந்தச் சாப்பாடு கெடக்கூடாது என்பதே எனக்குப் பெரும் கவலையானது.

பிறகு முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரல் முட்டியால் தட்டி, என்னைக் காட்டினார். பட்டறையில் நின்று நின்று எனக்குக் கால்வலி உண்டு. அதைத்தான் கேட்கிறார் என்று, "இப்ப பரவால்லக்கா" என்றேன். அவர் இல்லை என்று தலையை அசைத்தார். மறுநாள் போய்விட்டார்.

முப்பதாம் நாள் பாயிடம் கால்கறியும் நெஞ்சுக்கறியும் மட்டும், எலும்பில்லாமல் வாங்கினேன். அக்கா மகள்தான் கழுவித் தந்தாள். கால்கறியை முதலில் வேகவிட்டு, பாதி வெந்ததும் நெஞ்சுக்கறியைப் போட்டேன். கொதி ஏறியபோது அண்டாவுக்குள்ளிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம். மூடி ஆடுகிறது என்று நினைத்துக் கல்லைத் தூக்கி வைத்தேன். சத்தம் நிற்கவில்லை.

நீங்கள் எல்லாரும் உண்டு எழுந்தீர்கள். ஒரு தட்டிலும் ஒரு துண்டு மிச்சமில்லை. கடைசியாக நான் உட்கார்ந்தேன். அண்டாவின் அடியிலிருந்து அள்ளிய அக்கா மகளின் கை நின்றுவிட்டது.

"மாமா, நல்லி வாங்குனியளா? நான் கழுவும்போது இல்லையே."

மஜ்ஜையோடு ஒரு கால் எலும்பு என் சோற்றில் விழுந்தது. ஊரிலிருந்து வந்து அக்கா வீட்டில் தங்கிய நாள் முதல் நல்லி என் தட்டுக்குத்தான் வரும். அதை எப்படித் தொட்டுக் கேட்பார் என்று மட்டும் நான் கவனித்ததே இல்லை. அப்போதுதான் விளங்கியது. அங்கேயே அழுதேன்.

பாயிடம் இதுவரை கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

அக்காவைப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கும், ஜெபித்த பாதருக்கும், பந்தி பரிமாறிய பக்கத்து வீட்டாருக்கும், கறி கொடுத்த பாய்க்கும் எங்கள் நன்றி. நல்லியைப் போட்டவர் யாரோ, அவருக்கும் நன்றி.

யக்கா, தின்னுட்டேன்.