சேலம் போகிற வழியில் சூளகிரியில் இறங்கினோம்

மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்த வருஷத்தின் கடைசி அது. ஓசூர் பக்கம் சானமாவுக் காட்டை ஒட்டி எங்கள் வீடு. கல்யாணமாகி இரண்டாவது வருஷம், கையில் ஐந்து மாதப் பையன். எனக்கு வலது பக்கக் கடைவாய்ப் பல் சொத்தையாகி ராவும் பகலும் குடைந்துகொண்டே இருந்தது. கிராம்பு வைத்துக் கடித்துப் பார்த்தேன், புகையிலை அடக்கிப் பார்த்தேன். எதற்கும் கேட்கவில்லை.

ஓசூர் சந்தையில் பல் பிடுங்குகிறவர் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். கொடுத்ததை வாங்கிக்கொள்வார். என் வீட்டுக்காரர் அவரிடம்தான் கூட்டிப் போனார். அவர் குறடு வைத்து இழுத்ததில் பல் பாதியோடு ஒடிந்து, வேர் உள்ளேயே நின்றுவிட்டது. அதற்கப்புறம் தாடை வீங்க ஆரம்பித்தது. வீக்கம் கழுத்துக்கு இறங்கிக் கல் மாதிரி கெட்டியானது. காய்ச்சல் வேறு. பையனுக்குப் பால் கொடுக்கக்கூட உட்கார முடியவில்லை.

ஓசூர் ஆஸ்பத்திரி டாக்டருக்குத் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இங்க இதுக்கு வசதி இல்லம்மா. சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, இல்லாட்டி பெங்களூருக்குப் போங்க. தாமசம் பண்ணாதீங்க" என்றார்.

பெங்களூர் பக்கம்தான், காலையில் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். ஆனால் எங்களுக்குப் பெங்களூர் என்றாலே பயம். எங்கள் ஊர்ப் பெரிய பண்ணைக்காரர் அங்கே ஒரு பல் டாக்டரிடம் போய்விட்டு வந்து, ஒரு ஜோடி ஆடு விற்ற காசு ஒரே பல்லுக்குப் போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார். அங்கேயும் தர்மாஸ்பத்திரி இருக்குமே என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அது மைசூர் கவருமெண்டு ஆஸ்பத்திரி புள்ள. நம்ம மெட்ராஸ்காரங்களுக்கு எதுக்கு சும்மா பாப்பாங்க? இப்பத்தான் எல்லை வேற பிரிச்சிருக்காங்க. சேலம்னா நம்ம ஜில்லா. கேக்கறதுக்கு உரிமை உண்டு."

அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ராகிக் கதிர் முற்றி நிற்கிற நேரம், ஆனை இறங்கினால் ஒரே ராத்திரியில் வெள்ளாமை காலி. அதைக்கூட அப்படியே விட்டுவிட்டுத்தான் அவர் என்னோடு கிளம்பினார்.

கிருஷ்ணகிரி பஸ் ஏறினோம். எதிர்ப் பலகையில் ஒரு முஸ்லிம் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அந்த அக்காவின் மடியில் என் பையனைவிடக் கொஞ்சம் பெரிய பெண் குழந்தை. என் பையன் பசியில் வீறிட்டான். எடுத்து அணைத்தேன், பிடித்து வைத்துக்கொள்ளத் தெம்பில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்து சேலையெல்லாம் நனைந்திருந்தது. அந்த அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து பக்கத்தில் வந்தார்.

"தங்கச்சி, மூச்சு விட முடியுதா?"

வாய் திறக்க முடியாமல் நான் கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் தன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணு சேலம் வரைக்கும் தாங்காதுங்க" என்றார்.

அந்த அக்காவின் வீட்டுக்காரர் புளி வியாபாரி. வாரத்துக்கு ஒருதரம் பெங்களூருக்குப் போய் வருகிறவர். என் வீட்டுக்காரரிடம் விசாரித்தார். இவர் எல்லையைச் சொன்னார், காசைச் சொன்னார். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தம்பி, எனக்கு அங்க பெங்களூர் பெரியாஸ்பத்திரியிலதான் ரெண்டு பல்லு எடுத்தாங்க. நானும் நம்ம பக்கத்து ஆளுதானே? பண்ணைக்காரர் போனது தனி டாக்டர் கடை, அங்க காசுதான். பெரியாஸ்பத்திரியிலயும் தனி ரூம் கேட்டா காசு. பொது வார்டுல முடியாதவங்களுக்குக் காசு கேக்க மாட்டாங்க. யாரு சொன்னாங்க உங்களுக்கு இப்படி?"

யாரும் சொல்லவில்லை. நாங்களாகவே நினைத்துக்கொண்டதுதான்.

சூளகிரியில் பஸ் நின்றது. இறங்கி பெங்களூர் போகிற எதிர்ப் பஸ் பிடிப்பதா, அப்படியே போவதா என்று என் வீட்டுக்காரர் தடுமாறினார். அதற்குள் அந்த அக்கா என் பையனைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். பின்னாலேயே பாய், தன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. கிருஷ்ணகிரியில் அந்த அக்காவின் கூடப் பிறந்த தங்கைக்கு அன்று சாயங்காலம் கல்யாணம் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. அவர்கள் சொல்லவும் இல்லை.

பெங்களூர் போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பாதி நினைவுதான். ஆஸ்பத்திரி ஜன்னலில் குமாஸ்தா கன்னடத்தில், "யாவ ஊரு?" என்று ஊரைக் கேட்டார். என் வீட்டுக்காரர் பயத்தில், "மைசூர்ப் பக்கத்து ஆனேக்கல்னு சொல்லிடட்டுமா பாய்?" என்று காதில் கேட்டாராம். "பொய் எதுக்கு? ஓசூருன்னே சொல்லுங்க" என்றாராம் பாய். சொன்னார். குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்ன தொழில் என்று கேட்டார், மானாவாரி வெள்ளாமை என்றதும் சீட்டு எழுதி நீட்டி, உள்ளே ஓடச் சொன்னார். எந்த எல்லைக்குப் பயந்து நாங்கள் நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தோமோ, அது அவ்வளவுதான்.

தாடைக்கு அடியில் கீறிச் சீழை எடுத்தார்கள். பென்சிலின் ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் தொண்டை அடைத்திருக்கும் என்று டாக்டரம்மா என் வீட்டுக்காரரைத் திட்டினாராம். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

கண் விழித்தபோது என் மார்பு கனத்து வலித்தது. அப்போதுதான் பையன் நினைவு வந்தது. பேச முடியாமல் கையால் தேடினேன். என் வீட்டுக்காரர் வராந்தா பக்கம் கை காட்டினார். கதவு வழியாகத் தெரிந்தது. அந்த அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முந்தானைக்குள் என் பையனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய பெண் குழந்தை பக்கத்தில் துணி விரிப்பில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது.

"காலையில இருந்து அவங்கதான் புள்ள" என்றார் இவர். "பாயை மட்டும் கல்யாணத்துக்கு அனுப்பி வெச்சுட்டாங்க. இங்க சொந்தக்காரங்க வூட்ல தங்கிக்கறேன்னு சொல்லிட்டாங்க."

கல்யாணமா என்று நான் கண்ணால் கேட்டேன். விவரம் சொன்னார். எனக்குத் தண்ணீர் தண்ணீராகக் கண்ணில் வழிந்தது. வலியால் அழுகிறேன் என்று நர்ஸ் ஓடி வந்தார்.

எனக்குக் காய்ச்சல் விட்டு, பையனை நானே எடுக்கிற வரைக்கும் அந்த அக்கா தினமும் வந்தார். எனக்கு வாய் திறந்ததும் முதலில் கேட்டது, "தங்கச்சி கல்யாணத்தை விட்டுட்டீங்களே அக்கா" என்றுதான். அவர் சிரித்துவிட்டார்.

"அங்க பொண்ணுகூட நிக்க நூறு பேரு இருப்பாங்க. இவனுக்கு இங்க யாரு இருக்கா? எங்கள்ல ஒரு வழக்கம் உண்டு. பால் குடிச்சவன் புள்ளை. என் பொண்ணுக்கு இனிமே இவன் தம்பி."

ஊருக்குத் திரும்பியதும், முஸ்லிம் வீட்டுப் பாலா என்று சிலர் முகம் சுளித்தார்கள். என் மாமியார் அவர்களிடம், "என் பேரன் பசிச்சு அழுதப்ப நீங்க யாரும் அங்க இல்லையே" என்று கேட்டு வாயை அடைத்தார். பாதி ராகியை ஆனை தின்றிருந்தது. மிச்சத்தில் ஒரு மூட்டையை இவர் வண்டியில் போட்டுக்கொண்டு போய்ப் பாய் வீட்டில் இறக்கிவிட்டு வந்தார். அன்றிலிருந்து ரம்ஜானுக்கு நாங்கள் அங்கே, பொங்கலுக்கு அவர்கள் இங்கே. அந்தப் பெண்ணின் கல்யாணத்தில் தம்பி முறைக்கு என் மகன்தான் முன்னால் நின்றான்.

எங்கள் பக்கத்தில் இப்போதும் யாராவது நோவை அடக்கிக்கொண்டு, "பெரியாஸ்பத்திரி நமக்கெல்லாம் எங்க" என்று உட்கார்ந்திருந்தால் நான் விடுவதில்லை. முதலில் போய்க் கேளு, எது சும்மா, எதற்குக் காசு என்று கேட்டுத் தெரிந்துகொள் என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன். தெரியாதவளுக்காகப் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கின அந்த அக்காவுக்கு நான் வேறு என்ன செய்துவிட முடியும்?