தவிட்டம்மா கொடுத்த வாக்குமூலம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆடி மூன்றாம் வெள்ளியன்று, நம் அங்காளம்மன் கோயில் வேப்பமரத்தடியில் ஒரு நடுத்தர வயதுக்காரன் சத்தம் போட்டு அழுதான். உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். அது நான்தான். பெயர் பக்கிரிசாமி. திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் பிறந்து, பனியன் கம்பெனிகளில் வேலை கற்று, ஜோர்டானில் ஒரு கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருந்தவன். அன்று அம்மன் எனக்குச் செய்ததைச் சொல்ல நம் கோயில் மலருக்கு இதை எழுதுகிறேன். அதற்குப் பின் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும்.

என் மனைவி கவிதா அமெரிக்காவில் நர்ஸ். எங்கள் திருமணம் 2019 ஆவணியில் நடந்தது. அடுத்த பங்குனியில் உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. அவள் அங்கே, நான் ஜோர்டானில். அவள் எனக்காக விசா மனு போட்டு, அது பல படிகள் தாண்டி, பிறப்புச் சான்றிதழில் வந்து நின்றது. அப்போது அவளுக்கு வயது முப்பத்தெட்டு. குழந்தை வேண்டுமென்றால் இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

என் பாஸ்போர்ட்டில் அம்மா பெயர் சரஸ்வதி. என்னைப் பெற்றவள் அவள்தான். நான் அழுத அந்த ஆடிக்கு முந்தைய சித்திரையில் தங்கை மாப்பிள்ளை ஊரிலிருந்து வாங்கி அனுப்பிய பிறப்புச் சான்றிதழிலோ, அப்பா பெயர் சரியாக இருந்தது, தாயின் பெயர் என்ற இடத்தில் ஜைத்தூன் பீவி என்று இருந்தது.

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. காரணம் தெரியும். எனக்கு முன் பிறந்த இருவர் பெயர் வைக்கும் முன்பே போய்விட்டார்கள். அதனால் நான் பிறந்ததும் என்னை ஒரு முறத்தில் போட்டு, அதே லைன் வீட்டில் குடியிருந்த ஜைத்தூனம்மாவிடம் தவிட்டுக்கு விற்றார்கள். அவர் ஒரு படி தவிட்டை அம்மாவிடம் கொடுத்து என்னை வாங்கிக்கொண்டார். பக்கிரி என்று பெயரிட்டு, வளர்த்துத் தரச்சொல்லி அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார். பிள்ளை வேறொருத்தியுடையது என்றானால் எமன் ஏமாந்து போவான் என்பது நம்பிக்கை. என் அப்பா ஒரு படி மேலே போய், கிராம அலுவலகத்திலும் அப்படியே சொல்லிப் பதிந்துவிட்டார். எமன் ரெக்கார்டைப் புரட்டினாலும் ஏமாறட்டும் என்று நினைத்திருப்பார். எமன் ஏமாந்தான். அமெரிக்கத் தூதரகம் ஏமாறவில்லை. ஆவணம் ஏற்கப்படவில்லை என்று பதில் வந்தது.

"ஏனுங்க, தவிட்டுக்கு வித்த கதைய நான் இங்கிலீஷ்ல எப்புடிங்க எழுதறது?" என்று போனில் சிரித்த கவிதா, பேச்சு முடியும் முன் அழுதுவிட்டாள்.

ஆனி கடைசியில் விடுப்பில் வந்தேன். பதிவைத் திருத்தலாம், ஆனால் பதிவிலிருக்கும் அம்மாளே நேரில் வந்து வாக்குமூலம் தர வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார் பதிவு அதிகாரி. என்னைப் பெற்றவர்கள் இருவரும் உயிரோடு இல்லை. ஜைத்தூனம்மா எங்கே இருக்கிறார் என்றே எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் காரியத்துக்கு வந்து மூன்று நாள் எங்கள் வீட்டில் இருந்து சமைத்துப் போட்டவர். சின்ன வயதில் நான் அவரைத் தவிட்டம்மா என்றுதான் கூப்பிடுவேன். திருப்பூரில் எந்த ஆலை எப்போது தொடங்கியது, எந்தச் சாயப்பட்டறை எப்போது மூடியது என்றெல்லாம் தேதியோடு குறித்து வைப்பது என் பழக்கம். ஆனால் அவர் வீடு மாறியது எனக்குத் தெரியாது. கேட்கவே இல்லை.

சோமனூரில் அவர் மகளைக் கட்டிக் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். "அவுங்கல்லாம் காலி பண்ணிட்டுப் போயி ரொம்ப வருசமாச்சுங்க" என்றார் தறிக்கூடத்துக்காரர். விடுப்பு தீர்ந்துகொண்டிருந்தது. அவரைக் கண்டுபிடிக்கும் முன்பே வாக்குமூலத்தைப் பத்திரம் எழுதுபவரிடம் கொடுத்து முத்திரைத்தாளில் அடித்து வாங்கிப் பையில் வைத்திருந்தேன். தேதி, நான் பிறந்த லைன் வீட்டின் கதவு எண், எழுத்துப் பிழை எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன்.

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தேன். தாயே, அந்த அம்மாளை எனக்குக் காட்டு. வேறொன்றும் வேண்டாம். அவ்வளவுதான் கேட்டேன்.

அன்னதானக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பழனியண்ணன் வந்து தோளைத் தொட்டார். "அழுவாதீங்க சாமி. ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்து ரெண்டு வாய் சாப்புடுங்க. பேரு என்னங்க?"

"பக்கிரிசாமி."

"பக்கிரிசாமிங்களா? இந்தப் பேருக்குக் காலையிலயே அர்ச்சனை ஆயிருச்சுங்களே!"

யார் செய்தது என்று கேட்டேன்.

"அவிநாசிபாளையத்துல பனியன் வேஸ்ட் குடோன் வெச்சிருக்கற பாயம்மாங்க. வருசா வருசம் ஆடி மூணாம் வெள்ளிக்கு நம்ம சமையக்கட்டுக்குத் தொடைக்கறதுக்கு ஒரு மூட்டை துணி அனுப்பி உடுவாங்க. காசு வாங்க மாட்டாங்க. பையன் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணச் சொல்லுவாங்க, அவ்வளவுதானுங்க."

நான் பிறந்தது ஒரு ஆடி மூன்றாம் வெள்ளி. ஆங்கிலத் தேதியை மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு அது நினைவில் இல்லை. சன்னதியில் விழுந்து கும்பிட்டேன். கேட்ட மாத்திரத்தில் கொடுத்தாள். இதற்குமேல் ஒரு தெய்வம் என்ன செய்ய வேண்டும்?

பிற்பகலிலேயே அவிநாசிபாளையம் போய்ச் சேர்ந்தேன். குடோன் வாசலில் கலர்வாரியாகத் துண்டுத்துணி பிரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"என்றா பக்கிரி, வழி தப்பி வந்துட்டியா?"

"இல்ல தவிட்டம்மா. அம்மன் வழி காட்டுச்சு."

"அம்மனுக்குத் தெரிஞ்ச வழி உனக்குத் தெரியலயாக்கும்? ஏ புள்ளைங்களா, பாருங்கடி, நான் தவிடு குடுத்து வாங்குனது இதுதான். படி தவிட்டுக்கு இவன் தேறுவானா சொல்லுங்க!"

அந்தப் பெண்கள் சிரித்தார்கள். "பழைய வெலைக்கு ஓகேங்க அக்கா" என்றாள் ஒருத்தி. சோறு போட்டார். கவிதாவைப் பற்றிக் கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். என் அப்பா பதிவு செய்த கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, நான் நீட்டிய வாக்குமூலத் தாளைப் பார்த்து, "கண்ணாடி இல்ல. நீயே படிடா" என்றார்.

படித்தேன். "மேற்படி பக்கிரிசாமி என்பவர் எனக்குப் பிறந்த மகன் அல்ல. அவருக்கும் எனக்கும் எந்தவித உறவும் இல்லை."

முதல் வரி போதும். அதிகாரி கேட்டதும் அதை மட்டுமே. இரண்டாவது வரி பத்திரம் எழுதுபவர் எல்லாப் பத்திரத்திலும் வழக்கமாகச் சேர்ப்பது. ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்த நான் அந்த வரியை அடிக்கவில்லை. வாய்விட்டுப் படிக்கும்போதும் நிறுத்தவில்லை. பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டிருந்தால் முடிந்திருக்கும்.

அவர் தாளை வாங்கி மடித்தார். "இது அவுங்க கேட்டதாடா?" என்றார்.

"எல்லாம் ஒரு ஃபார்மாலிட்டிதான் தவிட்டம்மா" என்றேன்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு மகளுடன் வந்தார். அதிகாரி தாளைப் பார்த்துவிட்டு, "இவர் யாருங்கம்மா உங்களுக்கு?" என்று கேட்டார். தவிட்டம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நெஞ்சில் கை வைத்தார். "அல்லா பேர்ல சொல்றேனுங்க. இவுங்க எனக்குப் பொறந்த மகன் இல்லீங்க. இவுங்களுக்கும் எனக்கும் ஒரு ஒறவும் இல்லீங்க."

இவுங்க என்றார். அதுவரை அவர் வாயில் நான் ஒருபோதும் இவுங்க ஆனதில்லை. அலுவலகம் என்பதால் மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டார். வேலை முடிந்த சந்தோஷத்தில் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

புதிய சான்றிதழ் புரட்டாசியில் வந்தது. தூதரகம் ஏற்றுக்கொண்டது. மாசியில் ஜோர்டானிலேயே நேர்காணல். தாயின் பெயர் கேட்டார்கள். சரஸ்வதி என்றேன். தாளும் அதையே சொன்னது. விசா கிடைத்தது.

ஊருக்கு வந்து, புறப்படுவதற்கு முன் இனிப்பு வாங்கிக்கொண்டு அவிநாசிபாளையம் போனேன். தவிட்டம்மா எழுந்து நின்றார். "வாங்க தம்பி. உக்காருங்க."

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"என்ன தவிட்டம்மா, புதுசா வாங்க போங்கன்னு?"

"ஒறவில்லீன்னு அல்லா பேர்ல சொல்லிட்டேனுங்க. இனி வாடா போடான்னு கூப்புட்டா அது பொய்ச் சத்தியம் ஆயிருமுங்களே. என் நாக்கால உங்க காரியம் கெடக் கூடாதுங்க. காப்பி குடிக்கறீங்களா?"

கோபம் துளியும் இல்லை. அன்று தவிடு கொடுத்து எமனை ஏமாற்றிய அதே நம்பிக்கையோடுதான் இதையும் சொன்னார். அந்த வரி தேவையே இல்லாதது, யாரும் கேட்காதது என்று விளக்கினேன். "சொன்னது சொன்னதுதானுங்க" என்றார். காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது கவிதாவோடு இருக்கிறேன். தை மாதம் எங்களுக்கு மகள் பிறந்தாள். அம்மன் கொடுத்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை. நம்பிக்கை தளர்ந்து நிற்பவர்கள் யாராக இருந்தாலும் அவள் வாசலில் போய் உட்காருங்கள், வாய்விட்டுக் கேளுங்கள். அவள் காட்டுவாள். காட்டிய பிறகு, உங்கள் கையில் இருக்கும் தாளில் கூடுதலாக ஒரு வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதை அவள் வந்து அடித்துத் தர மாட்டாள். அது நம் வேலை.

இந்த ஆடியில் சன்னதிக்குப் போகிறவர்கள் எனக்காக ஒன்று வேண்டிக்கொள்ளுங்கள். அந்த அம்மாள் தன்னை மறந்து ஒரே ஒரு தடவை என்னை டேய் என்று கூப்பிட வேண்டும்.

வெள்ளிக்கிழமைதோறும் அவரிடம் பேசுகிறேன். போன வாரம் பேத்தியை வீடியோவில் காட்டினேன். போனை முகத்துக்கு நெருக்கிவைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "அடி என் தங்கமே, வாடி, தவிட்டம்மாகிட்ட வாடி" என்று கொஞ்சினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சாப்டீங்களா தம்பி?" என்று கேட்டார்.