உமைமா அனுப்பிய சூட்டுப் பொடி

பேரணாம்பட்டில் அஹமது பாஷாவின் நாக்கைப் பற்றித் தெரியாத டேனரிக்காரர் கிடையாது. முப்பத்தோரு வருஷம் பட்டைச் சாற்றில் தோல் ஊறும் தொட்டிகளுக்கு நடுவே நின்றவர். விரலை நனைத்து நாக்கில் வைப்பார், துப்புவார், இன்னும் ஒரு நாள் ஊறட்டும் என்பார். லேப்காரர்கள் மீட்டர் வைத்துப் பார்த்தும் அவர் சொன்னதைத்தான் சொன்னார்கள். அந்தத் திமிர் மனுஷருக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான், மறைப்பானேன்.

அவர் மனைவி அஃப்ஸர் ஜஹானுக்கு வயிற்றில் கட்டி. வேலூர் டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கேட்டதைக் கொடுங்கள் என்று அனுப்பினார். கேட்டால்தானே கொடுப்பதற்கு? சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மண்டையைப் பிளக்கிற மார்ச் வெயிலிலும் அவள் கால் சில்லென்று கிடந்தது.

ஒரே மகள் உமைமா இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறாள். கிளம்பி வருகிறேன் என்று துடித்தாள். அதற்குள் ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு டப்பா பொடி கொடுத்தனுப்பினாள். வெள்ளைக்காரர்களின் பழைய கை மருந்தாம். பனிக்காலத்தில் வெந்நீரில் கலக்கிச் சர்க்கரை போட்டுக் குடித்தால் உடம்பு சூடேறுமாம், செரிக்குமாம், பசி எடுக்குமாம். பாஷா மூடியைத் திறந்ததும் நாக்கில் வைத்துப் பார்த்தார். சுக்கு, மிளகாய், லவங்கம். கடைசியில் ஒரு துவர்ப்பு. அட, இது ஏதோ மரப்பட்டை! நம்ம தொட்டிச் சரக்குக்குப் பங்காளி மாதிரி இருக்கிறதே என்று சிரித்துவிட்டார். அந்த வீட்டில் அவர் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது.

அஃப்ஸர் ஜஹான் ஒரு டம்ளரைக் குடித்துவிட்டு, காரம் நன்றாக இருக்கிறது என்றாள். மத்தியானம் தானாகவே கஞ்சி கேட்டாள். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே மகளுக்கு போன் போட்டார். உன் அம்மி சாப்பிடுகிறாள், நீ பேஜார் படாதே, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் ஜூலையில் வா என்றார். டிக்கெட் போடட்டுமா என்று அதற்குப் பிறகும் மூன்று தடவை கேட்டாள் பாவம் அந்தப் பெண். மூன்று தடவையும் இவர்தான் தடுத்தார்.

ஐந்தாவது வாரம் டப்பா காலி. இன்னொன்று வருகிற வரைக்கும் சும்மா இருக்க முடியுமா? ருசி தெரிந்த எனக்கு இது ஒரு பெரிய வேலையா என்று அவரே செய்ய உட்கார்ந்தார். அந்தப் பட்டை இங்கே கிடைக்காது. அதன் துவர்ப்புக்கு நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கினார். இடித்தார், சலித்தார், காலையிலிருந்து நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். துவர்ப்பு போதவில்லை என்று மேலும் மேலும் கடுக்காயைச் சேர்த்தார். லவங்கம் நாக்கை மரத்துப்போக வைத்துவிடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவருக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

அஃப்ஸர் ஜஹான் மடமடவென்று குடித்தாள். அந்த டப்பா மருந்து மாதிரியே இருக்கிறது, ஒரு வித்தியாசமும் இல்லை என்றாள். பாஷா பூரித்துப்போனார். சாயந்திரம் டம்ளரைக் கழுவ எடுத்தவர், அடியில் தேங்கியிருந்ததை ஆசையாக வாயில் ஊற்றிக்கொண்டார். அதற்குள் அவர் நாக்கு தெளிந்திருந்தது. ஐயோ, அதைக் கசப்பு என்றா சொல்வது! தொண்டையைத் திருகியது. முற்றத்துக்கு ஓடித் துப்பினார். இதையா முகம் சுளிக்காமல் குடித்தாள்?

கட்டிலருகே வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு மாசமா என் நாக்குக்கு ஒண்ணுமே தெரியலங்க," என்றாள். "நீங்க ஆசையா கலக்கினு வர்றப்ப வேணாம்னு சொல்ல மனசு வரல."

"கஞ்சி குடிச்சியே?"

"நீங்க சாயந்திரம் அஸர் தொழுவப் போனதும் வாந்தி வந்துடும். பக்கத்து வூட்டு மோகனாதான் வாளிய எடுத்துனு போய் ஊத்துவா." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "உமைமாவ ஒரு வாட்டி பாக்கணுங்க."

இத்தனை நாள் அதை அவள் வாய் விட்டுக் கேட்டதில்லை. பாஷா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். சாகக் கிடக்கிறவள் இவரைத் தேற்றுவதற்காக மருந்து குடித்திருக்கிறாள், இவர் என்னவோ அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு பெற்ற பெண்ணை வரவிடாமல் ஐந்து வாரத்தைத் தொலைத்திருக்கிறார். வாசலுக்குப் போய் மகளுக்கு போன் போட்டார்.

உமைமா உற்சாகமாக இருந்தாள். இன்னொரு டப்பா வாங்கியாயிற்று, நாளைக்கே அனுப்புகிறேன் என்றாள். வேண்டாம்மா என்றார். அம்மிக்கு அவ்வளவு தேவலையாகிவிட்டதா என்று சந்தோஷமாகக் கேட்டாள்.

"நான்தாம்மா தப்பு பண்ணிட்டேன்," என்றார். "ஜூலை வரிக்கும் தள்ளி வெக்காத. இன்னைக்கே கெளம்பு."

"நான் வந்து சேர்ற வரைக்கும் அம்மி இருப்பாங்களாப்பா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா," என்றார் பாஷா.