நான் எழுதிய மொட்டைக் கடிதம்

பதுளையில் எங்கள் கல்லூரிக் கால்பந்து அணிக்கு நான்தான் கேப்டன். புதுப் பயிற்சியாளராகத் தெமோதரையிலிருந்து யோகேஸ்வரி டீச்சர் வந்தார். முதல் இரண்டு போட்டிகளிலும் தோற்றோம். ஒரு பெண்ணிடம் பயிற்சி எடுப்பதே எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. "இவருக்குத் தடுப்பாட்டம் சொல்லித்தரத் தெரியவில்லை, மாற்றுங்கள்" என்று கல்லூரி அதிபருக்கு மொட்டைக் கடிதம் போட்டேன்.

மறுவாரம் டீச்சர் அந்தக் கடிதத்தோடு மைதானத்துக்கு வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வாராவாரம் டீம் லிஸ்ட் எழுதித் தர்றது நீதானே? ஒன் எழுத்து எனக்குத் தெரியாதா?"

"கேப்டன் பதவிய எடுத்துடுங்க டீச்சர்" என்றேன்.

"எதுக்கு? நீ எழுதினது சரிதான். தடுப்பாட்டத்துல நான் கோட்ட விட்டுட்டேன். ஆனா அடுத்த தடவ என் மொகத்துக்கு நேரா சொல்லு. இப்ப பின்னால ஆடுற நாலு பேரையும் கூப்பிடு."

அன்றிலிருந்து மழையிலும் பயிற்சி நிற்கவில்லை. மீதி ஐந்து போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஆனாலும் அந்த முதல் இரண்டு தோல்விகளால் அரையிறுதி கைநழுவியது. கடைசி நாள், கடிதம் எழுதியது நான்தான் என்று அணி முழுவதற்கும் கேட்கும்படி சொன்னேன்.

இப்போது நானும் பயிற்சியாளர். பையன்கள் குறை சொன்னால் கோபம் வரத்தான் செய்கிறது. அது அடங்கும்வரை வாயைத் திறப்பதில்லை. பிறகு, அவர்கள் சொன்னது உண்மையா என்று மட்டும் யோசிக்கிறேன்.